அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரீபியக் கடலில் ஹைட்டியின் அண்டை நாடான டொமினிக்கன் குடியரசு பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘அழையா விருந்தாளிகளாக வந்து குவிந்த ஹைட்டியரை வெளியேற்ற அந்நாட்டுக்கு முழு உரிமை உண்டு’ என்று ஒரு வரி இருந்தது. அந்த நாட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அதைப் படித்து மிகவும் மனம் நொந்தேன்.

அவர்கள் அழைத்து வரப்பட்டவர்கள், ஐயா. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமென்று 1952, 1959, 1966 ஆகிய ஆண்டுகளில் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுத்தான் அவர்களைக் கொண்டுவந்து, கரும்புத் தோட்டங்களை ஒட்டிய ‘பட்டேய்’ குடியிருப்புகளில் வைத்தன. அதற்கும் முன்னால், 1937-இல், டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹியோவின் படை எல்லைப்புறத்தில் ஆயிரக்கணக்கான ஹைட்டியரை வெட்டிச் சாய்த்தபோதுகூட, சர்க்கரை ஆலைகளின் தோட்டங்களில் இருந்தவர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய உழைப்பு தேவைப்பட்டது.

புன்டா கானாவில் ஒரு விடுதிக் கட்டுமானத்தில் நான் பொறியாளராக இருந்தேன். கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், கலவை சுமப்பவர் என்று எங்களிடம் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஹைட்டியர். கூலி கொடுக்க வேண்டிய நாள் நெருங்கும்போதெல்லாம் குடிவரவுத் துறையின் லாரி வந்து நிற்கும். ஒப்பந்ததாரரே தகவல் கொடுத்து வரவழைக்கிறார் என்று தொழிலாளர்கள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். லாரியைக் கண்டதும் சாரத்திலிருந்து குதித்து ஓடுவார்கள். அப்படிக் குதித்துக் கணுக்கால் முறிந்த ஓர் இளைஞனை, கம்பி முறுக்கும் கொக்கி கையில் இருக்கும்போதே, தூக்கி லாரியில் போட்டதை நான் நேரில் பார்த்தேன். மறுநாள் மேஸ்திரி வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைக் கோடிட்டு அடித்தார். கூலி அத்தோடு போயிற்று. அவன் லா ரோமானாவுக்கு அருகில் ஒரு பட்டேயில் பிறந்தவன். ஸ்பானிய மொழியை அந்த அதிகாரிகளைப் போலவே பேசியவன். அவர்கள் பார்த்தது அவன் தோலின் நிறத்தை மட்டுமே.

இத்தகையவர்களைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர் ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆவணமில்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றும், 1929 முதல் பிறந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்றும் அந்நாட்டு அரசியலமைப்புத் தீர்ப்பாயம் 2013 செப்டம்பரில் தீர்ப்பளித்ததைத் தாங்கள் அறிவீர்கள். பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமற்போனார்கள். 2014-இல் வந்த சட்டம் அவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் வழிவிட்டது. இலங்கையில் 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதைத் தவறாமல் எழுதிவரும் தங்கள் இதழிலேயே, தோட்டத்துக்கென்று கொண்டுவரப்பட்ட இன்னொரு மக்களை ‘அழையா விருந்தாளிகள்’ என்று அச்சிட்டிருப்பதை எப்படித் தாங்குவது?

2010 நிலநடுக்கத்தின்போதும் தங்கள் இதழ் ஹைட்டியைச் ‘சபிக்கப்பட்ட மண்’ என்றுதான் எழுதியது. 1804-இல் அடிமைத்தளையை அறுத்து விடுதலை பெற்ற அம்மக்களிடம், 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டு, தலைமுறைகளுக்குக் கடனாளியாக்கியதை அன்றும் யாரும் எழுதவில்லை. பின்னர் புன்டா கானாவின் கடற்கரைகளைப் போற்றி ஒரு பயணக் கட்டுரை வந்தது. அந்த விடுதிகளைக் கட்டிய கைகளைப் பற்றி அதிலும் ஒரு வரி இல்லை.

டொமினிக்கன் மக்களைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லவில்லை. அந்த நிலநடுக்கத்தில் முதலில் உதவிக்கு ஓடியவர்கள் அவர்களே. கும்பல்களின் பிடியில் சிக்கிய அண்டை நாட்டின் சுமை அவர்கள் மீதும் விழுகிறது என்பதும் உண்மை. ஆனால் வாரத்துக்கு 10,000 பேர் வரை வெளியேற்றப்படுவர் என்று 2024 அக்டோபரில் அறிவித்துவிட்டு, 2025 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளிலேயே ஆவணம் கேட்டு, கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற தாய்மாரையும் எல்லைக்கு அனுப்புவதை, ‘முழு உரிமை’ என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிட முடியுமா?

அந்த வரியைத் திரும்பப் பெற்று, ஹைட்டியர் ஒப்பந்தத்தின்பேரில் அழைத்துவரப்பட்டதையும், அங்கே பிறந்தோரின் குடியுரிமை பறிக்கப்பட்டதையும் குறிப்பிட்டு, கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி