ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி: மின்பாடம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளுக்கு மின்பாடம் தயாரிக்கும் குழுவினருக்கு வணக்கம்.

காவிரிக் கடைமடையில், ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். எங்கள் வகுப்பறைச் சுவரில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. என் கையில் அரசு கொடுத்த டேப் இருக்கிறது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் க்யூஆர் குறியீடு, தொலைக்காட்சியைத் திறந்தால் 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, செல்பேசியைத் திறந்தால் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு சார்ட் அட்டை வாங்கக்கூட என் கைக்காசைத்தான் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தை மறக்காதவள் என்பதால், இன்று இருப்பவற்றுக்கு முதலில் மனதார நன்றி சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள். வெளியே மழை சரம் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்குப் பின்னால் சம்பா நடவு முடிந்த வயல். பயிர் முக்கால்வாசி தண்ணீருக்குள் நிற்கிறது. தவளைச் சத்தத்தில் நான் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. பருவங்கள் பற்றி எனக்கு வந்திருந்த ஒரு தயார்ப் பாடத்தைப் போட்டேன். திரையில் வசந்தம் வந்தது, கோடை வந்தது, செக்கச்செவேலென்று இலை உதிரும் காலம் வந்தது, பிறகு கேரட் மூக்கு வைத்த பனி மனிதன் வந்தான். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "டீச்சர், அது பருத்திப் பஞ்சா?" என்று கேட்டாள். இன்னொருவன், "இது எந்த ஊரு டீச்சர்?" என்றான். பாடம் முடிந்தது. மழைக்காலம் என்ற ஒன்று அதில் இல்லவே இல்லை.

அன்றிலிருந்து என் நெஞ்சில் கிடந்து உறுத்துவதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் பெய்கிறது. கடலோரத்திலும் டெல்டாவிலும் இன்னும் கூடுதலாகவே பெய்யும். 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடச் சொல்வாள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது பிரித்து வைத்திருக்கும் மொழி இது. அந்தப் பிள்ளைகளுக்கு, அவர்கள் தலையில் பெய்துகொண்டிருக்கும் பருவத்தை விட்டுவிட்டு வேறொரு நாட்டின் பருவத்தை நானே போட்டுக் காட்டினேன். தவறு எனக்கும் உண்டு. கையில் வேறு பாடம் இல்லை என்பதும் உண்மை.

இதில் இன்னொரு வருத்தம். 2012-13-ல் பள்ளி ஆண்டை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, தெரிந்தோ தெரியாமலோ நமக்கு ஒரு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. முதல் பருவம் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான், தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில், 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறக்கிறார்கள். ஆடிப் பெருக்கும் அந்தப் பருவத்துக்குள் வந்துவிடுகிறது. இரண்டாம் பருவம் அப்படியே வடகிழக்குப் பருவமழை. மூன்றாம் பருவத்தின் வாசலிலேயே பொங்கலும் சம்பா அறுவடையும். பள்ளி நாட்காட்டியும் வயல் நாட்காட்டியும் இப்படி ஒட்டி வந்தும் நம் மின்பாடங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் வாழ்த்துப் படம் வருகிறது, விளக்கை இழுத்து வாசலில் வைக்கும் விளையாட்டு வருகிறது, கைதட்டல் ஒலி வருகிறது. நிகழ்ச்சியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டும் வருகிறது. படம் எடுத்து முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடுகிறது.

அந்த மழை நாளுக்குப் பிறகு நாங்கள் வேறு விதமாகச் செய்து பார்த்தோம். இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாகச் செருகினோம். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் என்று கோடு போட்டோம். அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டினால் மழைமானி தயார். வானிலை ஆய்வு மையம் காலை 8.30-க்கு அளக்கிறது, நாமும் 8.30-க்கு அளப்போம் என்று முடிவு செய்தோம். ஒருத்தி படிப்பாள், ஒருவன் சரிபார்ப்பான், மூன்றாவது பிள்ளை ஸ்மார்ட் போர்டில் அட்டவணையில் எண்ணைப் போடும். போட்டதும் பட்டை வரைபடத்தில் ஒரு பட்டை எழும். அவ்வளவுதான் திரையின் வேலை. அசையும் படம் இல்லை, பாட்டு இல்லை. ஆனால் அந்தப் பட்டை எழுவதைப் பார்க்க, மணி அடிக்கும் முன்பே பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

ஒரு வாரம் மூன்று நாள் தொடர்ந்து மழை விடுமுறை. திரும்பி வந்ததும் அவசரத்தில் அந்த மூன்று கட்டத்திலும் நானே சுழியம் போட்டுவிட்டேன். வரைபடத்தில் மூன்று நாள் வெறுமை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், மழைன்னுதான லீவு வுட்டாங்க? அன்னைக்கு எப்புடி முட்டை வரும்?"

வகுப்பே அமைதியானது. 'மழை பெய்யவில்லை' என்பதும் 'நாம் பார்க்கவில்லை' என்பதும் ஒன்றல்ல என்று அந்தப் பையன் கண்டுபிடித்துவிட்டான். சரி, பாட்டிலில் இருக்கும் தண்ணீர்? அது மூன்று நாளுக்கும் சேர்த்தது. மூன்றால் வகுத்துப் போடலாமா, கடைசி நாளில் மொத்தமாகப் போடலாமா, கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கீழே குறிப்பு எழுதலாமா? அரைமணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் குறிப்பு எழுதுவோம் என்ற கட்சி ஜெயித்தது. நான் இருபது ஆண்டாகக் கணக்கு நடத்துகிறேன். சுழியத்தைப் பற்றி இவ்வளவு நல்ல வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

அடுத்து தீபாவளி. தேதிகளை மட்டும் ஒரு அட்டவணையில் போட்டோம். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. ஆண்டுக்கு 11, 12 நாள் முன்னால் நகர்கிறது என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் 2026-ல் எப்போது? எல்லாரும் அக்டோபர் 8, 9 என்றார்கள். நாட்காட்டியில் நவம்பர் 8. "தப்பா அச்சடிச்சிருக்காங்க" என்றான் ஒருவன். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டில் தினசரி காலண்டர் கிழிக்கும் பொறுப்பில் இருக்கும் சிறுமி எழுந்து, "அக்டோபர் 9-ன்னா புரட்டாசியில்ல டீச்சர்? தீவாளி ஐப்பசியிலதான வரணும்" என்றாள். நிலவின் கணக்கு பின்வாங்கிக்கொண்டே போக, சூரியனின் மாதம் அதைப் பிடித்து இழுத்து அடுத்த அமாவாசைக்குக் கொண்டுவருகிறது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதே அட்டவணையில் ரம்ஜான் தேதிகளையும் சேர்த்தோம்: 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. அதை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை. அது எல்லாப் பருவத்தையும் சுற்றிவரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நாகூர் கந்தூரிக்கும் போவார்கள், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கும் போவார்கள், திருவாரூர்த் தேருக்கும் போவார்கள். வேளாங்கண்ணியில் ஆண்டு தவறாமல் ஆகஸ்ட் 29-ல் கொடியேறுகிறது, நாகூர் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்ற கேள்வி அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதைக் கேட்க ஓர் இடம்தான் இல்லாமல் இருந்தது. எந்த வாழ்த்துப் படமும் அந்த இடத்தைத் தரவில்லை.

திரையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். திரை இல்லாமல் முடியாத இடங்கள் உண்டு. கார்த்திகை தீபத்தன்று நிறைநிலவு கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை ஒட்டி எழும். நம் மாதங்களின் பெயரே அப்படி வந்ததுதான். நிறைமதி அறுமீனை, அதாவது இந்தக் கார்த்திகைக் கூட்டத்தை, சேரும் இரவில் தெருவில் விளக்கேற்றியதைச் சங்கப் பாடலே சொல்கிறது. ஆனால் நேரில் காட்ட முடிகிறதா? பாதி ஆண்டுகளில் மேகம் மூடியிருக்கும். மூடாவிட்டாலும் நிலவொளி நட்சத்திரங்களை விழுங்கிவிடும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் எங்கள் ஊரின் வானத்தை வைத்து, தீபத்தன்று மாலை ஆறரை மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். கிழக்கே நிலா. பக்கத்தில் பெரிதாக்கிக் காட்டியதும், கையளவு இடத்தில் நெருங்கி நிற்கும் மீன்கள். எண்ணினார்கள், ஆறுக்கு மேல் வந்தது, அதற்கும் ஒரு சண்டை. வெறுங்கண்ணுக்குப் படாததைக் காட்டுவதற்குத் திரையைப்போல் ஒன்று கிடையாது. ஜன்னல் வழியே தெரிகிற மழையைக் காட்ட அது எதற்கு?

பொங்கல் பாடங்களில் ஒரு பிழையைத் தயவுசெய்து திருத்துங்கள். தை முதல் நாளில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது என்று பல காணொளிகள் சொல்கின்றன. திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ல். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் இப்போது மூன்று வாரத்துக்கு மேல் விலகிவிட்டது. ஐந்தாம் வகுப்புக்கு அச்சுக் கதை வேண்டாம். ஒரு மீட்டர் குச்சி போதும். நாங்கள் பகல் பன்னிரண்டே காலுக்கு நிழலை அளந்தோம். நவம்பர் முதல் வாரத்தில் 48 சென்டிமீட்டர், அரையாண்டுத் தேர்வு முடிகிற சமயத்தில் 68, பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது 60. ஒவ்வொரு முறையும் டேபில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், "பொங்கலுக்கு முன்னாடியே திரும்பிடுச்சு" என்று அவர்களே சொன்னார்கள்.

விடுமுறையையும் விட்டுவிட வேண்டாம். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். பிள்ளைகள் வாய்க்கால் கரையில் நின்று எழுதி வந்த கொக்கு, நீர்க்காகம், செம்போத்து, கரிச்சான் எல்லாவற்றையும் நான் பதிந்தேன். தீபாவளிக்கு 'பட்டாசு வேண்டாம்' என்று பொதுவாக ஒரு சுவரொட்டி அனுப்புவதற்குப் பதில், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காமலிருக்கும் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்களைப் பற்றி ஐந்து நிமிடம் காட்டுங்கள். என் பிள்ளைகள் வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. முழுதாகச் சமைத்து மூடி அனுப்பாதீர்கள். நாங்கள் திறந்து மாற்றக்கூடிய கோப்பாகக் கொடுங்கள். கடைமடை ஆசிரியைக்கு மழை அட்டவணை, நீலகிரி ஆசிரியருக்கு உறைபனி அட்டவணை, ராமநாதபுரத்தில் கண்மாய் நீர்மட்டம் என்று எங்கள் ஊரை நாங்களே நிரப்பிக்கொள்கிறோம். பண்டிகைக்கு முந்தின நாள் அல்ல, ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். நிழலையும் மழையையும் ஒரே நாளில் அளக்க முடியாது. இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். மழை பற்றிய பாடம் மழை நாளில் ஓடாமல் சுற்றிக்கொண்டே நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். பிள்ளைகளின் முகம் எங்கெங்கோ போகிறது என்ற கவலை பெற்றோருக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. வேண்டுமானால் எங்கள் அட்டவணைகளைக் கேளுங்கள், சந்தோஷமாக அனுப்புகிறோம். பக்கத்து மாவட்டப் பள்ளியின் மழைப் பட்டையும் எங்கள் பட்டையும் ஒரே திரையில் வந்தால் என் வகுப்பு எப்படித் துள்ளும் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஐப்பசிக்கு ஆறு பாட்டில் வெட்டி வைத்திருக்கிறோம். ஒன்று பள்ளிக்கு, மீதி ஐந்தும் ஐந்து தெருவுக்கு. மழை விடுமுறையிலும் காலை 8.30-க்கு யார் யார் பார்ப்பது என்று பெயர் எழுதிக் கதவில் ஒட்டியாகிவிட்டது. அட்டவணை இன்னும் போடவில்லை. நீங்கள் ஒன்று அனுப்பினால் அதிலேயே தொடங்குகிறோம்.

அன்புடன்,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
காவிரிக் கடைமடை