ஹியூமிக் பவுடரும் நாங்க எரிக்கிற வைக்கலும்

ஆசிரியர் ஐயாவுக்கு,

நான் மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் நாலு ஏக்கர் வேளாண்மை செய்யிற ஆள். பெரும்போகத்துக்கு, அதான் மாரி மழை வேளாண்மைக்கு, வயல் உழுகிற நேரம் வந்தா, மருந்துக் கடையில யூரியாவோட சேத்து ஒரு கறுப்புப் பவுடர் பக்கெட்டையும் கையில தந்துதான் அனுப்புறாங்க, ஹியூமிக் அசிட்டாம், இதப் போட்டா பசளை பாதி போதுமாம். 2021ல அரசாங்கம் ரசாயனப் பசளையத் தடை செஞ்ச நேரம் பட்ட பாட்ட மறக்காத சனம், யாருதான் வாங்காம விடுவாங்க. நானும் போன பெரும்போகம் வாங்கினன், யூரியாவையும் பாதியாக் குறைச்சன்.

ஹியூமிக் எண்டது பசளையே இல்ல ஐயா. நிலத்துக்கடியில கிடக்கிற பழுப்பு நிலக்கரி மாதிரிச் சாமான்ல இருந்து காரம் போட்டுப் பிரிச்செடுக்கிறது. போட்ட பசளை கழுவுண்டு போகாமப் புடிச்சி வைக்கும், வேருக்கு நல்லம், அதெல்லாம் சரி. ஆனா ஒரு 50 கிலோ யூரியா பேக்ல 23 கிலோ நைதரசன் இருக்கு, அத இந்த ஒரு கிலோ பவுடர் எங்க இருந்து கொண்டு வரும்? என்ட வயல்ல வாய்க்காலோரத்து மணல் துண்டுல பயிர் கொஞ்சம் பச்சையாத் தெரிஞ்சிச்சி, களித் தரையில ஒரு வித்தியாசமும் இல்ல. குடலை வாற நேரம், கதிர் உள்ளுக்குத் திரள்ற நேரம், பயிர் மஞ்சளடிக்க, மறுகா ஓடிப்போய் மிச்ச யூரியாவ வாங்கி எறிஞ்சன்.

இன்னொண்டு, கடையில சொன்னாங்களெண்டு சிங்க் சல்பேட்டையும் ஹியூமிக்கோட ஒரே மருந்தடிக்கிற டாங்கியில கலக்கினன், பாத்தா பால் திரைஞ்ச மாதிரி கறுப்புக் கட்டி கட்டியா இறங்கி நொசில் அடைச்சிட்டு. வரம்புல குந்தி குண்டூசியால குத்திக்கொண்டு இருக்கக்குள்ள பொஞ்சாதி சோறு கொண்டு வந்து பாத்துட்டுச் சிரிச்சது வேற. சிங்க், கல்சியம், புளிப்புச் சாமான் ஒண்டோடயும் இது சேராதாம். பக்கெட்டுல அதுக்கு ஒரு சொல்லுத் தமிழ் இல்ல, எத்தின வீதம் ஹியூமிக் எண்டும் இல்ல.

கணக்கப் பாருங்க. ஒரு ஏக்கர்ல மேல் அரை அடி மண் கிட்டத்தட்ட 900 தொன். அதுல உக்கின இலைதழைச் சேதனம் 1 வீதம் எண்டாலும் 9 தொன். அதுக்குள்ள ஒரு கிலோ, ரெண்டு கிலோவக் கொட்டி மண்ண மாத்தப் போறமா? மண்ணுக்குள்ள உக்கிச் சேதனமாகிறது வைக்கல்தான், பயிர் எடுக்கிற பொட்டாசியத்துலயும் முக்கால்வாசிக்கு மேல அதுலதான் கிடக்கு, வெட்டு மெசின் கொட்டிட்டுப் போற அந்த வைக்கலுக்கு நெருப்ப வச்சிட்டு, கடையில காசு குடுத்து கறுப்புப் பவுடர் வாங்குறம். (நானும் எரிச்ச ஆள்தான், இந்தமுறதான் உழுது தாட்டிருக்கன். விதைக்க ரெண்டு மூணு கிழமைக்கு முன்ன தாழ்க்கணும், இல்லாட்டி உக்குறதுக்கே யூரியாவ இழுத்துரும்.)

கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியர்மாரும் ஒவ்வொரு வயல் கண்டத்துக்கும் ஒரு துண்டு எடுத்து, ரெண்டு பக்கமும் ஒரே அளவு யூரியா, ஒரு பக்கம் மட்டும் ஹியூமிக் எண்டு செஞ்சி, அறுத்து நிறுத்துக் காட்டட்டும். இடமில்ல எண்டு சொல்ல வேணாம், ரோட்டோரம் என்ட கால் ஏக்கரத் தாறன், விதைநெல்லும் என்ட.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வெல்லாவெளி