கடைசி இடத்துக்கும் ஓர் அர்த்தம் வேண்டும்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவருக்கும் செயற்குழுவினருக்கும், இந்தியன் சூப்பர் லீக் கிளப்களின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

சம்மேளனத்தின் புதிய சட்டவிதிகளில் ஒரு வரி இருக்கிறது. நாட்டின் முதல்நிலை லீக்கைச் சம்மேளனமே தன் உரிமையில் வைத்து நடத்த வேண்டும், அதில் கிளப்களுக்கு ஏற்றமும் இறக்கமும் (கீழ்ப்பிரிவில் வென்றவர் மேலே வருவதும், கடைசியில் முடித்தவர் கீழே போவதும்) இருக்க வேண்டும் என்கிறது அது. முன்னாள் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் வரைந்து, உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 19 அன்று ஒப்புதல் அளித்து, அடுத்த மாதம் உங்கள் பொதுக்குழுவே ஏற்றுக்கொண்ட ஆவணம். அந்த வரியின் பிற்பாதி எப்போது நடைமுறைக்கு வரும்? எந்தப் பருவத்திலிருந்து கடைசி இடத்தில் முடிக்கும் அணி கீழே போகும்? இதற்கு ஒரு தேதி கேட்டுத்தான் இந்த மடல்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நம் லீக்கின் கதையை எல்லோரையும்விட வேகமாக மறப்பவர்கள் அதை நடத்துபவர்கள்தாம். டூரண்ட் கோப்பை 1888-இலும் கல்கத்தா லீக் 1898-இலும் தொடங்கிவிட்ட நாட்டில் தேசிய அளவில் ஒரு லீக் வருவதற்கு 1996 டிசம்பர் ஆயிற்று. 12 அணிகளோடு தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்கின் முதல் சாம்பியன், பஞ்சாபின் ஃபக்வாரா நகரத்து ஜேசிடி மில்ஸ். அதிக கோல் அடித்தவர் அந்த அணியின் பாய்ச்சுங் பூட்டியா. மோகன் பகான் அந்த முதல் பருவத்துக்குத் தகுதியே பெறவில்லை! நாட்டின் ஆகப் பெரிய பெயர்களில் ஒன்று வெளியே நின்றது, லீக் நடந்தது. அடுத்த பருவத்தில் உள்ளே வந்த மோகன் பகான் பட்டத்தையே தட்டிச் சென்றது. இன்றைக்கு இப்படி ஒன்று நடக்க விடுவீர்களா?

அந்த லீக்கில் எங்கள் ஊரான சென்னையின் இந்தியன் வங்கி அணியும் ஆடியிருக்கிறது. அதில் பெரிய குறைகள் இருந்தன. தரையில் புல்லைவிட மண் அதிகம், தொலைக்காட்சியில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். 2007-இல் ஐ-லீக் என்று பெயர் மாற்றி, 10 அணிகளோடு மறுபடி தொடங்கினீர்கள். பெயர் மாறியது, பெரும்பாலான அணிகள் அவையேதான். நிறுவனங்களின் அணிகள் ஒவ்வொன்றாகக் கடையை மூடிக்கொண்டிருந்த காலம் அது. 2005-06-இன் சாம்பியனான மஹிந்திரா யுனைடெட் 2010-இல் கலைக்கப்பட்டது. முதல் சாம்பியனான ஜேசிடி 2011-இல் போனது. ஆனாலும் புள்ளிப் பட்டியல் என்ன சொன்னதோ அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. கீழே முடித்தவர்கள் இரண்டாம் பிரிவுக்குப் போனார்கள், அங்கே ஜெயித்தவர்கள் வந்தார்கள்.

2010 டிசம்பர் 9 அன்று நீங்கள் போட்ட கையெழுத்தில்தான் எல்லாம் திரும்பியது. ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு வணிக உரிமை ஒப்பந்தம். அதன் வழியே பிறந்தது இந்தியன் சூப்பர் லீக். 2014 அக்டோபர் 12 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் முதல் ஆட்டம். எட்டு நகரங்களுக்கு எட்டு புதிய அணிகள். தீபாவளியை ஒட்டித் தொடங்கி ஆண்டு முடிவதற்குள் முடிந்துவிடும் பருவம். இதைக் குறைசொல்லி மட்டும் பேச எனக்கு மனமில்லை. பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போனதை அந்த லீக் வந்த பிறகுதான் பார்த்தேன். இத்தாலியின் மத்தராசி பயிற்சியாளராக நிற்க, 2015-இல் கோவாவில் வைத்தே கோவாவை 3-2 என்று கடைசி நிமிடங்களில் புரட்டிப் போட்டு சென்னையின் எஃப்சி கோப்பையைத் தூக்கியது. அந்த இரவுக்காக உங்களுக்கு நன்றி.

ஆனால் அந்த லீக்குக்குக் கதவு கிடையாது. பணம் கட்டி உள்ளே வந்தவர் வெளியே போக வேண்டியதில்லை. பந்தாடி ஜெயித்தவர் உள்ளே வர வழியில்லை. 2017-இல் ஐசால் எஃப்சி ஐ-லீக்கை வென்றது நினைவிருக்கிறதா? முந்தைய பருவத்தில் கீழே இறங்கியிருக்க வேண்டிய அணி. கோவாவின் கிளப்கள் உங்கள் திட்டத்தை எதிர்த்து விலகிக்கொண்டதால் மீண்டும் இடம் கிடைத்த அணி. மிசோரத்தின் மலைநகரத்திலிருந்து வந்து, காலித் ஜமீலின் பயிற்சியில் நாட்டின் சாம்பியன் ஆனார்கள். அதே ஆண்டில்தான் இரண்டு லீக்குகளையும் ஒரே நேரத்தில் நடத்த முடிவெடுத்தீர்கள். பெங்களூருவும் புதிதாக உருவாக்கப்பட்ட ஜாம்ஷெட்பூரும் சூப்பர் லீக்குக்குள் போயின. ஐசால் கதவைத் தட்டியது, கெஞ்சியது, போராட்டம் நடத்தியது. உள்ளே விடவில்லை. அதே காலித் ஜமீலை 2025-இல் இந்திய அணியின் பயிற்சியாளராக நியமித்தவர்களும் நீங்கள்தாம்!

இனி எங்கள் ஊர்க் கதை. 2018-19 பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சி வென்றால் சாம்பியன். எதிரே நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அப்படியே. அந்நேரம் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது; அவர்கள் ஜெயித்து இங்கே சென்னை சிட்டி வழுக்கினால் பட்டம் கொல்கத்தாவுக்கு. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு, தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா ஒன்று, ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலும் மீண்டு வந்து 2-1 என்று வென்றிருந்தது. சென்னை சிட்டி 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 42. சமனில் முடிந்திருந்தால் பட்டம் போயிருக்கும். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சி கொடுத்த அந்த அணியில் எட்வின் வான்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் மண்ணின் பையன்கள் ஆடினார்கள். (அதே 2019-இல் மகளிர் தேசிய லீக்கையும் தமிழ்நாட்டின் சேது எஃப்சிதான் வென்றது. இரண்டு பட்டங்களும் ஒரே மாநிலத்துக்கு வந்த ஆண்டு அது. எத்தனை பேருக்குத் தெரியும்?)

அதே பருவத்தில் சூப்பர் லீக்கில் கடைசி இடத்தில் முடித்த அணி எது? எங்கள் சென்னையின் எஃப்சி. 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள். ஒரு மாநிலத்தில் இரண்டு கிளப்கள். ஒன்று கீழ்வீட்டில் முதலிடம், மற்றொன்று மேல்வீட்டில் கடைசி இடம். இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ இந்தோனேசியாவிலோ என்றால் அந்தக் கோடையில் இரண்டும் இடம் மாறியிருக்கும். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. வான்ஸ்பால் சென்னையினுக்குப் போனார், பின்னர் ஜேசுராஜ் கோவாவுக்கும் அஜித்குமார் பெங்களூருவுக்கும் போனார்கள். வீரர்கள் ஒவ்வொருவராக மேலே போனார்கள். அவர்களைச் சாம்பியனாக்கிய அணிக்குப் படிக்கட்டே இல்லை. 2021-22 பருவம் தொடங்கியபோது சென்னை சிட்டி லீக்கிலேயே இல்லை. அந்தக் கிளப்பின் உள்விவகாரங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வென்ற கையோடு மேலே போயிருந்தால் அதன் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

நான் சென்னையின் எஃப்சிக்காகவும் கத்துகிறவன். கடைசி இடத்தில் முடித்த மறு பருவமே அந்த அணி இறுதியாட்டம் வரை வந்தது. இறக்கம் இருந்திருந்தால் அந்த இறுதியாட்டம் கிடையாது. தெரிந்தேதான் கேட்கிறேன்.

2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்போடு அமர்ந்து ஒரு வழித்தடம் போட்டீர்கள். சூப்பர் லீக்தான் இனி முதல்நிலை. 2022-23, 2023-24 பருவங்களின் ஐ-லீக் சாம்பியன்கள் மேலே வரலாம், அதுவரை யாரும் கீழே போக வேண்டாம். 2024-25 முதல் ஏற்றமும் இறக்கமும் முழுமையாக. முதல் பாதியை நிறைவேற்றினீர்கள்: ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் வந்தது, முகமதன் ஸ்போர்ட்டிங் வந்தது. 2024-25-இல் 13 அணிகளில் முகமதன் கடைசி. நீங்களே எழுதிய வழித்தடப்படி இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஏன் என்று முறையாக ஒரு விளக்கமும் ரசிகர்களுக்கு வரவில்லை.

மேலே வருவதாவது ஒழுங்காக நடந்ததா? அந்தப் பருவத்து ஐ-லீக்கின் கடைசி ஆட்டம் ஏப்ரலில் முடிந்தது. தகுதியில்லாத வீரரைக் களமிறக்கியதாக ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுந்த வழக்கு அப்போதும் முடியவில்லை. சர்ச்சில் பிரதர்ஸை சாம்பியன் என்று அறிவித்துக் கோப்பையையும் கையில் கொடுத்தீர்கள். ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து விளையாட்டு நடுவர் மன்றம், இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பளித்தது. நம் லீக்கில் யார் முதலிடம் என்பதைத் தெரிந்துகொள்ள லோசான் வரை போக வேண்டியிருந்தது.

அப்புறம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரிலையன்ஸோடு போட்ட அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது, நீட்டிப்பு இல்லை என்பதால் ஜூலையிலேயே பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. பெங்களூரு எஃப்சி வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. வணிக உரிமைக்கு ஆண்டுக்கு 37.5 கோடி ரூபாய் குறைந்தபட்சம் என்று டெண்டர் விட்டீர்கள். நவம்பர் 7 கெடு, ஒருவரும் வரவில்லை. மும்பை சிட்டியில் முதலீடு செய்திருந்த சிட்டி கால்பந்து குழுமம் விலகிக்கொண்டது. கடைசியில் 2026 ஜனவரி 6 அன்று ஒன்றிய விளையாட்டுத்துறை அமைச்சர் தலையிட்டு, பிப்ரவரி 14 முதல் 14 கிளப்களும் ஆடும் என்று அறிவித்தார். அணிக்கு 13 ஆட்டம், மொத்தம் 91. ஒரு கிளப்போடு ஒருமுறைதான் மோதல். அது சொந்த ஊரிலா வெளியூரிலா என்பது அதிர்ஷ்டம்.

உரிமையாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் ஆண்டுதோறும் நட்டம் பார்க்கிறீர்கள், இறக்கமும் வந்தால் விளம்பரதாரர் ஓடிவிடுவார் என்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் இறக்கமே இல்லாத 11 பருவங்களில் அந்த விளம்பரதாரர் உங்களோடு நின்றாரா? கதவை மூடிவைத்த பாதுகாப்பு ஒப்பந்தத்தோடு வந்தது; ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஜப்பானும் 1993-இல் 10 கிளப்களோடு மூடிய லீக்காகத்தான் தொடங்கியது. 1999-இல் இரண்டாம் பிரிவை உண்டாக்கி ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். இறங்கும் கிளப்புக்கு மூன்று ஆண்டுகள் வரை வருவாயில் ஒரு பங்கு கொடுத்துத் தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடு இங்கிலாந்தில் இருக்கிறது. அதைக் கேளுங்கள், சண்டை போட்டு வாங்குங்கள், நாங்களும் உங்கள் பக்கம் நிற்போம். இறக்கமே வேண்டாம் என்று கேட்டால் நிற்க மாட்டோம்.

பருவ முடிவில் மேலிடத்து அணிகள் மோதிச் சாம்பியனை முடிவுசெய்யும் பிளே ஆஃப் பற்றியும் ஒரு சொல். 2022-23-இல் மும்பை சிட்டி 46 புள்ளிகளோடு முதலிடம். மோகன் பகான் 34 புள்ளிகளோடு மூன்றாமிடம். சாம்பியன் என்று கோப்பையைத் தூக்கியது மோகன் பகான். நாக் அவுட் பார்க்க எனக்கும் பிடிக்கும், அதற்கு டூரண்டும் சூப்பர் கோப்பையும் இருக்கின்றன. லீக்கின் சாம்பியன் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் என்று வைத்தால் போதும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். உங்கள் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எந்தப் பருவம் முதல் எத்தனை அணிகள் இறங்கும், எத்தனை ஏறும் என்பதை எண்ணில் எழுதுங்கள். உள்ளூர், வெளியூர் என்று இரண்டு சுற்றுகள் முழுமையாக நடக்கும் பருவத்திலிருந்து தொடங்குவதானால் ஒப்புக்கொள்கிறோம். 13 ஆட்டத்தை வைத்து ஒரு கிளப்பைக் கீழே தள்ளுவது நியாயமில்லை. வழக்குகள் கடைசி ஆட்டத்துக்கு முன் முடிய வேண்டும் என்று உங்கள் ஒழுங்குக் குழுவுக்கும் மேல்முறையீட்டுக் குழுவுக்கும் கெடு வையுங்கள். 1996 முதலான பட்டங்களையெல்லாம் ஒரே வரிசையில் உங்கள் இணையதளத்தில் ஏற்றுங்கள். ஜேசிடியும் ஐசாலும் சென்னை சிட்டியும் இந்த நாட்டின் சாம்பியன்கள்தாம். தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு நடத்தி, எந்த மாநிலச் சங்கம் எப்படி வாக்களித்தது என்பதை அன்றைக்கே வெளியிடுங்கள். தமிழ்நாட்டின் வாக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று எங்கள் சங்கத்திடம் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்