திரும்பி இறங்கியவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் லடாக்கின் கர்துங் லா மலை ஓட்டத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எங்கள் ஊரில் காலையில் சேர்ந்து ஓடுகிற குழுவில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். மூன்று பையன்கள் வந்து, அடுத்த வருடம் நாங்களும் பேர் கொடுக்கப்போகிறோம் அண்ணா என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மன உறுதி இருந்தால் போதும், உடம்பு பின்னாலேயே வந்துவிடும் என்று கட்டுரை சொன்னதை அவர்கள் அப்படியே திருப்பிச் சொன்னபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஓட்டம் 72 கிலோமீட்டர். கர்துங் கிராமத்தில் இருட்டிலேயே கிளம்பி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஏறிக் கர்துங் லா கணவாயைத் தொட்டு, மறுபக்கம் லே நகருக்கு இறங்க வேண்டும். கணவாயின் உயரத்தை அங்கிருந்த பழைய பலகைகள் 18,380 அடி என்று சொல்லின. ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்கள் சுமார் 5,359 மீட்டர், அதாவது பதினேழாயிரத்து ஐந்நூறு அடிக்குக் கொஞ்சம் மேல் என்கிறார்கள். எதை எடுத்துக்கொண்டாலும் நம் தொட்டபெட்டாவைப் போல இரண்டு மடங்கு. ஊட்டியில் நாலு வாரம் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்துவிட்டு லடாக்குக்குத் தயார் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அங்கே ஆக்சிஜனே இல்லை என்பார்கள். அது சரியில்லை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் மலை உச்சியிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கணவாயில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் பாதிச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் உடம்பு வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கும். அப்புறம் ரத்தத்தின் தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்யும். சிவப்பணு கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த வேலைகளை மன உறுதியால் ஒரு நாள்கூட முன்னால் தள்ள முடியாது. நன்றாக ஓடுகிற இளைஞர்கள்தான் வேகமாக ஏறி, சீக்கிரமாக மாட்டிக்கொள்கிறார்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் மலைநோய்க்கு உடல் தகுதி தடுப்பூசி இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் அந்த ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருந்தேன். டெல்லியில் விமானம் ஏறி ஒரு மணி நேரம் சொச்சத்தில் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் இறங்கிவிட்டேன். நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது நாளே ஒரு வண்டி பிடித்து 24 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சவுத் புல்லுவுக்குப் போய், அங்கிருந்து கணவாய்ப் பக்கம் ஓடத் தொடங்கினேன். முந்தின இரவு முழுக்கத் தலைவலி. அறையில் கூட இருந்தவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓடவிட மாட்டார்கள் என்று தெரியும். தாங்கிக்கொள்வதுதான் வீரம் என்று அப்போது நம்பினேன்.

மூன்று கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, வாந்தி வந்தது. குளிர் அடித்ததால் கழுத்து வரை ஜிப்பை ஏற்றலாம் என்று பார்த்தேன். விரல் ஜிப்பைத் தொடுகிறது, ஆனால் பிடிக்கத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, பின்னாலேயே வண்டியில் வந்த லடாக்கி டிரைவர் இறங்கி வந்தார். சாலையில் டயர் போட்ட கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடுகிற மாதிரி வைத்து நேராக நடந்து காட்டு என்றார். நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தேன். அவர் என்னைப் பிடித்துக் கல்லில் உட்கார வைத்தார். பேசவே இல்லை. வண்டியை லே பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார்.

மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதற்கான அறிகுறி அது, இன்னும் ஒரு மணி நேரம் மேலே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் லேயில் என்னைப் பார்த்த மருத்துவர். மலைநோய் முற்றினால் உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம், ஆக்சிஜனும் மாத்திரையும் அதற்குத் துணைதான். அந்த வருடம் நான் ஓடவில்லை. ஊருக்குத் திரும்பியதும், முடிச்சிட்டியா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல மாதக்கணக்கில் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தை நம் பையன்களுக்கு யாரும் கொடுக்கக் கூடாது.

மன உறுதி மட்டும் போதாது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் நதிக் கரையிலுள்ள கல்வனப் பகுதியில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். பகலிலேயே வானிலை மாறி ஆலங்கட்டியும் உறைய வைக்கும் மழையும் பெருங்காற்றும் வந்தன. பெரும்பாலோர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான் போட்டிருந்தார்கள். காற்றுத் தாங்கும் சட்டை கட்டாயச் சாமான்களில் இல்லை. 21 பேர் இறந்துபோனார்கள். அந்நாட்டின் முன்னணி ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அதில் ஒருவர். இறந்தவர்களிடம் மன உறுதி குறைவாக இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? பாதியிலேயே திரும்பி இறங்கியவர்கள் பலர் பிழைத்தார்கள். அந்த மலையில் ஆடு மேய்க்கும் சூ கெமிங் என்பவர், மழைக்கு ஒதுங்கியிருந்த தன் குகை வீட்டுக்குள் ஆறு பேரைக் கொண்டுவந்து, நெருப்பு மூட்டி, போர்வை போர்த்திக் காப்பாற்றினார். அது 5,000 மீட்டர் மலைகூட இல்லை. சுமார் நம் ஊட்டி உயரம்தான்.

ஆல்ப்ஸில் மோன் பிளாங்கைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி ஓட்டத்தில் மழைக்கோட்டு, இரண்டு ஹெட்லாம்ப், உடம்புச் சூட்டைக் காக்கும் போர்வை, விசில் எல்லாம் பையில் இருந்தே ஆக வேண்டும். மூன்று நாடுகள், சுமார் 170 கிலோமீட்டர், ஏறக்குறைய பத்தாயிரம் மீட்டர் ஏற்றம். ஓட்டம் என்கிறோமே தவிர, செங்குத்தான ஏற்றங்களில் முதலிடத்தில் இருப்பவர்களே கைத்தடியை ஊன்றி நடக்கிறார்கள். இரண்டாவது இரவில் வயிறு எதையும் ஏற்காது, ஆனாலும் ஒரு வாய் கஞ்சியோ சூப்போ உள்ளே போக வேண்டும். இறக்கத்தில் தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் வெட்டி இழுக்கும். இதையெல்லாம் தாங்குவதற்கு உறுதி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. வலியைத் தாங்கலாம். ஆபத்து எது, வலி எது என்று பிரித்துப் பார்ப்பதற்கும் அதே அளவு உறுதி வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மலை ஓட்டக்காரர் கோர்ட்னி டாவால்ட்டரைப் பாருங்கள். 2021 ஜூலையில் கொலராடோ மலையில் நடக்கும் ஹார்ட்ராக் நூறு மைல் ஓட்டத்தில் வயிறு கெட்டுப் பாதியில் நின்றுவிட்டார். ஆறே வாரத்தில் யூடிஎம்பியில் பெண்கள் சாதனையோடு ஜெயித்தார். 2023இல் ஒரே கோடையில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யூடிஎம்பி என்ற மூன்று ஓட்டங்களையும் வென்றார். ஓட்டக்காரர்கள் பேச்சில் டிஎன்எஃப் என்றால் முடிக்கவில்லை என்று அர்த்தம். அவருடைய கணக்கிலும் அது இருக்கிறது.

அடுத்த முறை இந்த ஓட்டத்தைப் பற்றி எழுதும்போது, முடித்தவரின் படத்துக்குப் பக்கத்தில் திரும்பி இறங்கிய ஒருவரிடமும் பேசி அரைப் பக்கம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நாள் முன்னால் லே போக வேண்டும், தலைவலி வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், அந்தக் கோட்டில் நடக்கிற சோதனை எப்படி என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

செப்டம்பரில் நான் மறுபடியும் போகிறேன். மூன்று பையன்களும் கூட வருகிறார்கள். இந்தத் தடவை ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே லேயில் இருப்போம். கடையை மச்சினர் பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
உங்கள் வாசகர்,
திருப்பூர்