எம்டன் ஊருக்குப் போன பாப்பாவுக்கு

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "அம்மா, எம்டன்னு ஒரு ஊருக்கு வந்திருக்கேன், கடலோர ஊரு, ஒரே காத்து" என்று சொன்னாயே, அப்போது எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. சிக்னல் போய்விட்டதென்று நீ வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில் நீ அடம்பிடித்தால் "சரியான எம்டன்டி நீ" என்று திட்டுவேனே, அது ஆயா வாயிலிருந்து எனக்கு வந்த வார்த்தை. நீ போய் நின்ற ஊரின் பெயரைத்தான் அந்த ஜெர்மன் போர்க்கப்பலுக்கு வைத்திருந்தார்கள். 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் அது நம் சென்னைக் கடலில் வந்து நின்று, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனி தொட்டிகளைச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டு. சண்டை எங்கோ சீமையில் என்று ஊர் நிம்மதியாக இருந்த நேரம். கரையோர விளக்குகளைக்கூட அணைக்கவில்லை. கலங்கரை விளக்கம் அப்போது ஹைகோர்ட் கோபுரத்து உச்சியில்தான் இருந்தது. நம் வெளிச்சமே அவனுக்கு வழி காட்டிவிட்டது.

ஆயாவுக்கு அப்போது எட்டு வயது. ராயபுரத்தில் கடலைப் பார்த்த குடிசை. எண்ணெய் எரிந்த வெளிச்சத்தில் அவள் அம்மாவின் மூக்குத்திக் கல் தெரிந்ததாம். எத்தனை தடவை கதை சொன்னாலும் அந்த மூக்குத்தியை விடமாட்டாள். விடிந்ததும் ஊரே மூட்டை கட்டியது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் சென்னையை விட்டுப் போனார்கள். இவர்களும் செங்குன்றம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்தார்கள். ஆயாவின் அப்பா மட்டும் வரவில்லை. "நீ பிள்ளைங்கள இட்டுனு போ. மரத்த வுட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று கட்டுமரத்தின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாராம். பத்து நாள் கழித்துத் திரும்பியபோது அவர் வலை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயாவின் காலைத் தூக்கி மடியில் வைத்து, நடையில் தைத்திருந்த முள்ளைத் தேடி எடுத்தாராம்.

இதெல்லாம் மனசில் ஓடியதால் செவ்வாய்க்கிழமை நானே கிளம்பிவிட்டேன். ஹைகோர்ட்டின் கிழக்குப் பக்கச் சுற்றுச்சுவரில், குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். நம் வீட்டு அம்மிக்கல் அளவு மனசில் வைத்துக்கொண்டு போனால் ஏமாறமாட்டாய். எத்தனை வருஷம் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. கையை வைத்தேன், வெயிலில் சுட்டது.

அப்புறம் அப்படியே கோட்டையைத் தாண்டி வார் மெமோரியலுக்குப் போனேன். குடியரசு தினத்தன்று கவர்னர் மலர்வளையம் வைப்பாரே, டிவியில் பார்த்திருப்பாய். முதல் உலகப்போர் வெற்றிக்காகக் கட்டினது. பிறகு இரண்டாம் உலகப்போர், 1948 காஷ்மீர், 1962 சீனப் போர், பாகிஸ்தான் போர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஒரே கல்லில் இத்தனை போருக்கும் இடம் இருந்திருக்கிறது என்று நினைக்கவே என்னவோ போல் இருந்தது. அந்த முதல் போருக்கு மட்டும் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் கப்பலேறினார்கள். 74,000 பேர் வரை திரும்பவில்லை. பாலம், பாதை போடும் நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரர்கள் மெசபடோமியா வரை, அதாவது இன்றைய இராக் வரை போனார்கள். அவர்களும் ஏதோ ஒரு கடற்கரையில்தான் வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

அந்த எம்டனும் ரொம்ப நாள் தாங்கவில்லை, பாப்பா. அதே வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதை அடித்து நொறுக்கியது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். உன் வயதுப் பையன்கள். ஆயா இருந்திருந்தால் இதைக் கேட்டு "ஐயோ, பெத்தவ என்ன ஆனாளோ" என்றுதான் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கழித்து, 1944 செப்டம்பர் 6 அன்று, நீ போன அந்த எம்டன் ஊரின் மேலேயே விமானங்கள் குண்டு போட்டு, ஊரின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. அன்றைக்கு அங்கேயும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடின அம்மாக்கள் இருந்திருப்பார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். இன்னொரு தடவை அங்கே போவாயா? ஜனங்கள் ஒளிந்திருந்த பங்கர் ஒன்றை மியூசியமாக வைத்திருக்கிறார்களாம். உள்ளே போய் நிதானமாகப் பார். சுவரில் எழுதியிருப்பதை உனக்குத் தெரிந்த ஜெர்மனில் படித்து, இரவு போனில் எனக்குத் தமிழில் சொல். கடல் பக்கம் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பு. ஆயா படத்துக்குக் கீழே வைக்கலாம் என்று இருக்கிறேன்.

காற்று ஜாஸ்தி என்றாயே, மஃப்ளர் கட்டாமல் போகாதே.

அம்மா