இரண்டு 'ஸாரி'

சூசோ, சீனா,
மே 18

அன்புள்ள சுப்பையா,

எல்லோரும் நலம். கோமதிக்கு முழங்கால் வலி. எனக்கு வாய் மட்டும் ஏன் வலிப்பதில்லை என்பது அவளுடைய நீண்டநாள் சந்தேகம். மகன் இரவு ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து வருகிறான். பேத்தி சீன மொழியில் என்னைத் திட்டப் பழகிவிட்டாள், உச்சரிப்பு சுத்தம். கணபதி சாரின் வழக்கு முடிந்ததா, கடைசியில் தென்னை யார் பக்கம் விழுந்தது என்பதை மறக்காமல் எழுது.

ஆறு மாதமாக ஏன் எழுதவில்லை என்று நீ கேட்க மாட்டாய். கேட்காமல் இருந்தே பதிலை வரவழைப்பது உன் வழி. பத்தாம் வகுப்புப் பயல்களிடமும் அதைத்தான் செய்தாய், ஆசிரியர் அறையில் என்னிடமும் அதைத்தான் செய்தாய். இந்தக் கடிதத்தில் பதில் வரும். கொஞ்சம் சுற்றி வரும், பொறுத்துக்கொள்.

இங்கே நான் மறுபடியும் வாத்தியார் ஆகிவிட்டேன். எதிர்வீட்டுப் பெண், பெயர் ஷியாவ்யூ, பள்ளியின் கடைசி வருஷம் படிக்கிறாள். ஜூன் 7ஆம் தேதி 'காவ்காவ்' தொடங்குகிறது. நம் பிளஸ் டூவையும் நுழைவுத் தேர்வையும் ஒன்றாக அரைத்துத் தலையில் கொட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு தேர்வு. மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. ஒருநாள் லிஃப்டில் நான் பேத்தியிடம் ஆங்கிலம் பேசியதைக் கேட்டுவிட்டு, அன்று மாலையே நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். காசு வாங்குவதில்லை, என் விசாவுக்கு வாங்கவும் கூடாது. அவள் அம்மா பிலுவோச்சுன் தேயிலை கொடுத்து அனுப்புகிறாள். இந்த ஊர் ஏரிக்கரையில் விளைவது, விலையைக் கேட்டால் உனக்கு ரத்த அழுத்தம் ஏறும். பால் ஊற்றிக் குடித்தேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

அந்த நோட்டை நீ பார்க்க வேண்டும். ஒன்றுபோல் இருக்கும் ஆங்கிலச் சொற்களை இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக எழுதி, எதிரே சீனத்தில் விளக்கம். இதற்கு 'பியென்ஷி' என்று பெயர், பிரித்தறிதல். இங்கே அது ஒரு தனிச் சாஸ்திரம். அவ்வளவையும் மனப்பாடம் செய்துவிட்டு வந்து, முதல் நாளே என்னிடம், "கேன் யூ பாரோ மீ எ பென்?" என்று கேட்டாள்.

சிரிக்காதே. அவர்கள் மொழியில் 'ஜியெ' என்று ஒரே வினைச்சொல். வாங்கினாலும் அதுதான், கொடுத்தாலும் அதுதான். நாம் இரவல் வாங்குகிறோம், இரவல் கொடுக்கிறோம். கை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதை வினை சொல்லிவிடுகிறது. அவளுக்கு அந்த உதவி இல்லாததால் 'பாரோ'வும் 'லெண்ட்'டும் இரட்டைப் பிள்ளைகள். 'கான்' என்று இன்னொரு சொல்: புத்தகத்தையும் கான், படத்தையும் கான், வைத்தியரையும் கான். ஆங்கிலத்தில் அது 'ரீட்', 'வாட்ச்', 'ஸீ' என்று உடைகிறது. நாமும் படம் பார்க்கிறோம், பேப்பர் பார்க்கிறோம், வைத்தியரைப் பார்க்கிறோம். 'ஐ ஸா தி பேப்பர்' என்று எழுதிய எத்தனை பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்! விளக்கைத் 'திற' என்கிறாள், 'மூடு' என்கிறாள். நாம் விளக்கைப் போடுகிறோம். மருந்தை அவளும் சாப்பிடுகிறாள், நாமும் சாப்பிடுகிறோம், இங்கிலீஷ்காரன் மட்டும் எடுத்துக்கொள்கிறான். பாலில்லாத தேநீரை நாம் இங்கிலீஷைப் பார்த்துக் கறுப்பாக்கினோம், அவர்களுக்கு அது 'ஹோங்ச்சா', சிவப்புத் தேநீர். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தேன். சிவப்புதான். முப்பத்திரண்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் இதை எழுபது வயதில் பார்க்கிறேன்.

அவள் பெயருக்குச் 'சின்ன மழை' என்று பொருள். பெரிய மழையை 'பிக் ரெயின்' என்று எழுதக் கூடாது, 'ஹெவி' என்று எழுத வேண்டும் என்றேன். "அப்படியானால் நான் 'ஸ்மால்' இல்லையா, 'லைட்' ஆ?" என்று கேட்டாள். நாற்பத்தைந்து கிலோ இருப்பாள். ஆமாம் என்றேன்.

இப்போது உனக்குப் பிடித்த பகுதி. 'பிரிங்', 'டேக்' இரண்டும் அவளை அழவைத்துக்கொண்டிருந்தன, அவர்களுக்கு இரண்டுமே 'தாய்'. (ஆமாம், உச்சரிப்பு அப்படித்தான். உன் கற்பனையை அடக்கு.) மூன்று நாள் விளக்கியும் ஏறவில்லை. நாலாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது உன் குரல் கேட்டது: தருசொல், வருசொல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல், கொடு என்ற மற்ற இரண்டும் படர்க்கைக்கு. தொல்காப்பியர் சொல்லிவிட்டார், போய் உன் வெள்ளைக்காரனிடம் சொல் என்று நீ சாக்பீஸை ஆட்டிய அந்தக் காட்சி! மறுநாள் அதையே சொன்னேன். என்னிடமோ உன்னிடமோ வந்து சேர்வது 'பிரிங்', அங்கே எங்கோ போவது 'டேக்'. அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "தாய் லாய், தாய் ச்சூ!" என்று கத்தினாள். 'லாய்' என்றால் வா, 'ச்சூ' என்றால் போ. கொண்டு வா, கொண்டு போ. அவர்கள் மொழியிலும் நம் வழக்கே இருக்கிறது, 'தாய்'க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு! அன்றிலிருந்து அதில் தவறு செய்யவில்லை. உன் தொல்காப்பியம் சூசோவில் ஒரு பெண்ணுக்கு இரண்டு மதிப்பெண் வாங்கித் தரப் போகிறது, தலைக்கனம் ஏற்றிக்கொள்ளாதே.

தலைக்கனம் என்றதும் நினைவு வருகிறது. 'ஜியாவ்-ஆவ்' என்ற சொல் பெருமைக்கும் அதுதான், செருக்குக்கும் அதுதான். பணிவு மனிதனை முன்னேற்றும், ஜியாவ்-ஆவ் பின்தங்க வைக்கும் என்று 1956இல் மாவோ ஒரு பேச்சில் சொன்னதைப் பிள்ளைகள் இன்றும் ஒப்பிக்கிறார்கள். அதே சொல்லைக் கொண்டு பெற்றவர்கள், உன்னால் எனக்கு ஜியாவ்-ஆவ் என்று உச்சி முகர்கிறார்கள். 'ப்ரௌட்' எது, 'அரகன்ட்' எது என்று இவள் தடுமாறாமல் என்ன செய்வாள்? 'சுவான்ச்சுவான்', அதாவது பிரச்சாரம், இன்னும் வம்பு. மரம் நடும் விழாவுக்கு 'ப்ராபகாண்டா' செய்வோம் என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். நாமும் தேர்தல் பிரச்சாரம், சுகாதாரப் பிரச்சாரம் என்று கூசாமல் சொல்கிறவர்கள்தானே. ஆங்கிலத்தில்தான் அது கெட்ட வார்த்தையாகிப் போனது. கம்யூனிஸ்ட் கட்சியின் பிரச்சாரத் துறையே ஆங்கிலப் பெயரை மட்டும் 'பப்ளிசிட்டி' என்று மாற்றிக்கொண்டது. சீனப் பெயர் அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் வேடிக்கை. நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம் அவள் வரவில்லை. வந்தபோது சட்டைக் கையில் கறுப்புத் துணி குத்தியிருந்தாள். கிராமத்தில் பாட்டி இறந்துவிட்டாள், இவளை வளர்த்தவள். நான் உடனே, யோசிக்காமல், "ஐ ஆம் ஸாரி" என்றேன். அவள் பதறிப்போய்க் கையை ஆட்டி, "நோ, நோ, இட் இஸ் நாட் யுவர் ஃபால்ட்" என்றாள்.

அவள் நோட்டில் 'ஸாரி'க்கு எதிரே 'துய்புச்சி' என்று எழுதியிருக்கிறது. குற்றம் செய்தவன் சொல்லும் சொல். உன் முகத்தை நேராகப் பார்க்கும் தகுதி எனக்கில்லை என்பதுபோல் பொருள் வரும். இந்தக் கிழவன் எதற்குத் தன் பாட்டியின் சாவுக்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது! ஆங்கிலத்தில் இரண்டு 'ஸாரி' உண்டு, ஒன்று பிழைக்கு, ஒன்று துக்கத்துக்கு என்று விளக்கினேன். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஜியே ஆய்" என்றாள். துயரத்தை அடக்கிக்கொள் என்று அர்த்தம். மனதைத் தேற்றிக்கொள் என்று நம் பெரியவர்கள் கையைப் பிடித்துச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதேதான். துக்கத்துக்கு ஒரு 'ஸாரி' நம்மிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை.

2001 ஏப்ரல் 1 நினைவிருக்கிறதா? அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் வானத்தில் மோதிக்கொண்டன என்று நான் பேப்பரைப் படித்துக் காட்டியபோது, முட்டாள்கள் தினச் செய்தி என்று நீ நம்பவில்லை. சீன விமானி வாங் வெய் கடலில் போனார். அமெரிக்கர் 24 பேர் ஹைனான் தீவில் இறங்கிப் பிடிபட்டார்கள். சீனா கேட்டது 'தாவ்ச்சியென்', அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்ட மன்னிப்பு. வாஷிங்டன் அதற்கு இசையவில்லை. பதினோரு நாள் இழுபறிக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. அதில் இரண்டு இடத்தில் 'வெரி ஸாரி'. விமானியின் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புக்கு ஒன்று; அனுமதி வாய்மொழியாகக் கிடைக்காமலே வான் எல்லைக்குள் வந்து இறங்கியதற்கு ஒன்று. சீனத்தில் அதை 'ஷென் பியாவ் ச்சியென்யி', ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம், என்று பெயர்த்தார்கள். அந்த 'ச்சியென்'னும் 'தாவ்ச்சியென்'னில் வரும் 'ச்சியென்'னும் ஒரே எழுத்து. மன்னிப்பு வந்துவிட்டது என்று இங்கே படித்தார்கள், மன்னிப்பே கேட்கவில்லை என்று அங்கே சொன்னார்கள், 24 பேரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 'ஸாரி'க்குள் இருக்கும் அந்தச் சந்தில்தான் அத்தனை பேரும் நுழைந்து வெளியே வந்திருக்கிறார்கள். அன்று நாம் வடையைத் தின்றுகொண்டே சிரித்தோம்.

சரி, சுற்றியது போதும்.

கார்த்திகையில் உன் பெரிய அண்ணாச்சி போன செய்தி வந்தபோது நான் அனுப்பிய இரண்டு வரி உன்னிடம் இருக்கும். வாட்ஸ்அப் இங்கே திறக்காது, மகன் ஏதோ குறுக்குவழியில் திறந்து கொடுத்தான், அவசரம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'ஸோ ஸாரி டு ஹியர். ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்ஸஸ்.' நாற்பது வருஷப் பழக்கத்துக்கு, அதுவும் ஒரு தமிழ் ஐயாவுக்கு, ஆங்கிலத்தில் வாழ்த்து அட்டை வாசகம்! அனுப்பிய மறுநிமிஷமே கூசியது. நீ பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினாய். அதற்கப்புறம் எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கும்பிடுதான் முன்னால் வந்து நின்றது.

அச்சாபீஸ் வாசலில் எனக்குச் சைக்கிள் பழக்கியவர். உன்னை விழவிட்டார், என்னைப் பிடித்துக்கொண்டார், அது ஏன் என்று கடைசிவரை நமக்குச் சொல்லவில்லை. என் நியமன உத்தரவு வந்த அன்று தன் சட்டையைக் கொடுத்துப் போட்டுக்கொண்டு போகச் சொன்னவர். அவருக்காக நான் தமிழில் ஒரு வரி எழுதவில்லை சுப்பையா.

அதனால் எனக்கும் இரண்டு பாக்கி. அண்ணாச்சிக்காக உனக்குச் சேர வேண்டிய ஒன்று. அந்த இரண்டு வரிக்கும் இந்த ஆறு மாதத்துக்கும் சேர வேண்டிய இன்னொன்று. ஷியாவ்யூவிடம் சொன்னால், இரண்டாவதற்கு மட்டும் 'இட் இஸ் யுவர் ஃபால்ட்' என்பாள். சரியான பதில்தான்.

முதலாவதைக் கடிதத்தில் அடைக்க முடியாது. துக்கம் விசாரிப்பது என்றால் காலால் நடந்து வந்து திண்ணையில் உட்காருவது. எழுதி அனுப்புவதற்கு நம்மிடம் சொல் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. அவளுடைய ஆங்கிலப் பரீட்சை ஜூன் 8ஆம் தேதி மாலை முடிகிறது. 11ஆம் தேதி ஷாங்காயில் விமானம் ஏறுகிறேன், 13ஆம் தேதி சென்னையில் நெல்லை எக்ஸ்பிரஸ். கோமதி வரவில்லை, முழங்கால். மதினியிடம் எனக்கென்று தனியாக எதுவும் சமைக்க வேண்டாம் என்று சொல். தேயிலை கொண்டு வருகிறேன் (தருசொல்லா வருசொல்லா என்று பார்த்துக்கொள்), பால் ஊற்றாமல் குடிக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வராதே. வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் 'வா' என்றும் சொல்லாதே. கிளம்பும்போது நானும் போய்வருகிறேன் என்று சொல்லமாட்டேன்.

உன்,
சண்முகம்