தேங்க்ஸ்கிவிங் வான்கோழிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

நவம்பர் நான்காம் வியாழனன்று அமெரிக்காவில் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் (நன்றி நவிலும் நாள்) விருந்தில் பாராட்டு முழுவதும் வான்கோழியை நறுக்கக் கத்தி பிடித்தவருக்கே போனது. அவருக்கும் நன்றி உண்டு, ஆனால் வரிசையில் பின்னால்.

முதல் நன்றி, முந்தைய வெள்ளி இரவே தன் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டை ஒழித்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு. உறைந்த வான்கோழி ஃபிரிட்ஜுக்குள் இளக, நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். நம்முடையது 16 பவுண்டு. கடைசி நேரத்தில் எடுத்திருந்தால் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கொரு தரம் நீர் மாற்றி, 8 மணி நேரம் காவல் இருந்திருக்க வேண்டும். சமையல் மேடையில் போட்டு இளக்குவது கூடவே கூடாது. நடுவே பனிக்கட்டி கரையுமுன் மேல்தோலில் கிருமி பெருகிவிடும்.

செவ்வாய் இரவு உப்புத் தடவிய தம்பிக்கு அடுத்த நன்றி. வயிற்றுக்குள் கிடந்த கழுத்துத் துண்டையும், கழுத்துத் தோலடியில் ஒளிந்திருந்த, ஈரல் முதலியவை போட்ட பையையும் மறக்காமல் எடுத்தார். 5 பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு என்னும் பருவெட்டு உப்பு (பொடியுப்பு என்றால் பாதி), தோலுக்கடியில் கைவிட்டு மார்புக்கறி மேலேயே தடவியது. பிறகு மூடாமல் ஃபிரிட்ஜில். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுக்கும். கழுவினால் கிருமி போகாது, தொட்டியெங்கும் தெறிக்கும் என்று சொல்லி, மஞ்சள் போட்டுக் கழுவியே தீருவேன் என்ற பெரியம்மாவைச் சமாளித்தவரும் அவரே.

தெர்மாமீட்டர் தந்த தோழிக்கு: 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இந்த எடைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். ஆனால் கடிகாரத்தை நம்பி இறக்க முடியாது. தொடையின் தடித்த இடத்தில், முனை எலும்பில் படாமல், குறைந்தது 165 காட்ட வேண்டும். தொல்லை என்னவென்றால், மார்பு 165 தாண்டினால் வறளத் தொடங்கும். தொடையோ 175 வாக்கில்தான் பதமாகும். மார்பு சிவந்ததும் அலுமினியத் தாள் போர்த்தியது நல்ல சமரசம். வெந்ததைக் காட்டவென்று கறியில் செருகி வரும் பிளாஸ்டிக் குமிழ் எழும்பட்டும் என்று காத்திருந்தால் சக்கைதான் மிஞ்சும்.

ஸ்டஃபிங்கை (வான்கோழி வயிற்றுக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவை) தனித் தட்டில் வேகவைத்த அண்ணிக்கும் நன்றி. வயிற்றுக்குள் அடைத்தால் அதுவும் 165 தொட்டாக வேண்டும், அதற்குள் மார்பு காய்ந்துவிடும். கிரேவியும் அவர் கைவண்ணமே. நான்கு மேசைக்கரண்டி கொழுப்பில் அதே அளவு மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, கழுத்தும் செலரியும் கொதித்த சாற்றை இரண்டு கப், சிறுகச் சிறுக ஊற்றினார். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும்.

கத்தி பிடித்த மாமாவுக்கு: பிள்ளைகள் நச்சரித்தும் அரைமணி நேரம் ஆறவிட்டதற்கும், மார்பை எலும்பிலிருந்து முழுதாகப் பெயர்த்து நாருக்குக் குறுக்கே நறுக்கியதற்கும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் டப்பாக்களில் பிரித்து வைத்த இளவட்டங்களுக்கும் நன்றி. நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எலும்புக்கூட்டைச் சித்தி மிளகு ரசத்துக்கு வாங்கிப் போய்விட்டார், யாரும் தேட வேண்டாம்.

அன்புடன்,
அடுப்படிக் குழுவினர்